தொடக் கூடாத கைப்பிடி

"கீ... கீ... கீ..."

கீழ்த்தளத்து பேட்டரி அறையிலிருந்து கிளம்பிய அலறலில் குடியிருப்புச் செயலாளரின் கையிலிருந்த ரேசர் நழுவியது. ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு படியிறங்கி ஓடினார்.

"ஆபத்தே கிடையாது, நான் பொறுப்பு" என்று பன்னிரண்டு வீட்டுக் கதவையும் தட்டிச் சத்தியம் செய்து, மொட்டை மாடியில் சோலார் போட வைத்தவர் அவர்தான். பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று, 'வீட்டுக்கு ஒரு ஃபேன்தான்' என்று உத்தரவும் போட்டிருந்தார். ஆறு மாதத்தில் கரண்ட் பில் பாதியாகிவிட்டது.

அறைக் கதவில் திறப்பு விழாப் படம் சிரித்தது. சோலார் பெட்டியின் பெரிய கைப்பிடியை மேலே தூக்கியபடி செயலாளர். கண்கள் மூடியிருந்தன, கிடைத்தது அந்த ஒரே படம்தான். கீழே அவர் ஒட்டிய அறிவிப்பு: 'எதையும் யாரும் தொடக் கூடாது.'

உள்ளே சிவப்பு விளக்கு துடித்தது.

"வெடிக்குமா சார்?" பின்னால் வந்து நின்ற முதல் மாடி நர்ஸம்மா கேட்டார்.

"சேச்சே!" என்றார். குரல் யாருடையதோ போல வந்தது.

போனில் எலக்ட்ரீஷியன், "பத்து நிமிஷத்துல வரேன். எதையும் தொடாதீங்க" என்றான்.

பத்து நிமிடமா? அதற்குள் கட்டடமே பறந்துவிட்டால்? பக்கத்துச் சுவரிலிருந்த கட்டடத்தின் மெயின் சுவிட்சைப் படக்கென்று அணைத்தார்.

அலறல் நிற்கவில்லை. அறையைக் குளிர வைத்த ஃபேன்தான் நின்றது. அனல் ஏறியது. புதிதாக இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது.

"இப்ப ரெண்டு குரல்ல கத்துதே!" என்றார் நர்ஸம்மா.

"எல்லாரும் தெருவுக்கு ஓடுங்க!"

ஒருவர் மீன் தொட்டியோடும் இன்னொருவர் வெந்தும் வேகாத சோற்றுக் குக்கரோடும் ஓடி வந்தார்கள். செயலாளர் தலைகளை எண்ணினார். ஒன்று குறைந்தது. போன் அடித்தது.

"என்னங்க, லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு. கும்மிருட்டு. ஆபத்து ஒண்ணுமில்லையே?" அவர் மனைவி.

"இ... இல்லம்மா."

"பொய். கல்யாணத்தன்னிக்கும் இப்படித்தான் திக்கினீங்க."

லிஃப்ட்டுக்கு நேர் கீழே பேட்டரி அறை. மெயினைத் திரும்பப் போட அங்கேதான் போக வேண்டும். அவர் திரும்பி வாசலை நோக்கி நடந்தார்.

"கையில ரப்பர் செருப்பு மாட்டிக்குங்க!" என்று தெருவிலிருந்து தைரியம் சொன்னார் நர்ஸம்மா.

இரண்டு கையிலும் செருப்பு. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவிட்சைத் தள்ளினார். லிஃப்ட் உறுமியது. வெளியே வந்த மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாகிறதா இருந்தாலும் முழுசா ஷேவ் பண்ணிக்கக் கூடாதா?" என்றவள், அவர் கையை மட்டும் விடவில்லை.

எலக்ட்ரீஷியன் வந்தான். அறைக்குள் போனவன் ஒரே நிமிடத்தில் திரும்பினான்.

"பயப்படாதீங்க. பேட்டரி நிரம்பி வழியுது. யாராவது எடுத்துச் செலவு பண்ணுங்கன்னு கத்துது."

"பன்னிரண்டு வீடும் ஆறு மாசமா அதைத்தானேப்பா செலவு பண்றோம்?" என்றார் செயலாளர்.

"எங்கே பண்ணீங்க? அறைக்குள்ள இருக்கிற அந்தப் பெரிய கைப்பிடி மேல இருந்தாத்தான் சோலார் கரண்ட் வீட்டுக்குப் போகும். அது கீழ கிடக்கு. யார் இறக்கினது?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாம் மாடி போட்டோ ஸ்டூடியோக்காரர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"திறப்பு விழா அன்னிக்கு, படத்துல கண்ணை மூடிட்டீங்க, இறக்கிட்டு மறுபடி ஏத்துங்க, இன்னொண்ணு எடுக்கலாம்னேன்... நீங்க இறக்கினதும் காபி வந்துடுச்சு சார்!"