போனுக்கு விழுந்த சுளுக்கு

குற்றாலத்தில் சுளுக்கு அண்ணாச்சி கை படாத சாமான் எதுவும் கிடையாது. மனுசனை விடுங்கள். மனுசனுக்கு எண்ணெய் தேய்ப்பதுதான் எங்கள் தொழில். அருவிக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டு, குப்பியோடு உட்கார்ந்திருப்போமே, அந்தக் கூட்டம்தான் நாங்கள். அண்ணாச்சி மனுசனோடு நிற்க மாட்டார். கதவு சாத்தவில்லை என்றால் கதவுக்குச் சுளுக்கு. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் குழாய்க்குச் சுளுக்கு. கெட்டுப்போன சாமான் என்று உலகத்தில் ஒன்று கிடையாது, எல்லாம் சுளுக்கு விழுந்த சாமான்தான் என்பது அவர் கட்சி.

அவர் பேர் எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

ஒரு தடவை செங்கோட்டை பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்தார். அண்ணாச்சியும் இறங்கிப் போய், உள்ளே கையை விட்டு எதையோ பிடித்து நீவினார். பஸ் கிளம்பியது. எப்படியும் கிளம்பியிருக்கும் என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம். அவர் காதில் ஏறவில்லை. வினை அன்றைக்குப் பிடித்தது.

பஸ்ஸை நம்பி லாட்ஜ்காரர் ஒருவர் கிரைண்டரைக் கொடுத்தார். அண்ணாச்சி நீவினார். அதன் பிறகு அந்தக் கிரைண்டர் சுற்றவே இல்லை. கேட்டதற்கு, ரொம்ப நாள் உழைத்த உடம்பு, ஓய்வு எடுக்கிறது என்றார்.

நொண்டிக்கொண்டு வந்த குரங்கு ஒன்றுக்கும் எண்ணெய் போட்டார். அதற்குக் கால் சரியானது. அந்த நன்றிக்கு அது அவர் குப்பியைத் தொடாது. எங்கள் குப்பிகளைத்தான் தூக்கிக்கொண்டு போகும்.

இப்போது போன் விஷயம்.

அவர் சம்சாரத்தை நான் மதினி என்பேன். பீடி சுற்றுகிறவர். மடியில் பீடித் தட்டு, எதிரே ஒரு செம்பு, செம்பில் சாத்திவைத்த போன், போனில் நாடகம். கண் அங்கே இருக்கும். விரல் தன் பாட்டுக்கு வேலை செய்யும். நாடகம் நின்றால் விரலும் நின்றுவிடும்.

ஒருநாள் நாடகத்தில் யாரோ யாரையோ அறையப் போகிற நேரம். படம் அப்படியே நின்றுவிட்டது. கை ஓங்கியபடி இருக்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. அண்ணாச்சி அப்போதுதான் வீட்டுக்கு வந்தார். பார்த்த உடனேயே கழுத்துச் சுளுக்கு என்று சொல்லிவிட்டார். போனை எடுத்துத் தொடை மேல் வைத்து, ரெண்டு கட்டை விரலையும் நடுவில் ஊன்றி ஓர் அமுக்கு.

சடக் என்று சத்தம் வந்தது.

எங்கள் தொழிலில் அந்தச் சத்தத்துக்குத்தான் காத்திருப்போம். இடுப்பிலோ கழுத்திலோ சொடக்கு விழுந்தால் வேலை முடிந்தது. வந்த ஆள் சிரிப்பான். அதனால் அண்ணாச்சியும் சிரித்தார். சொடக்கு விழுந்துட்டு, இனி ஓடும் என்று மதினியிடம் கொடுத்தார். மதினி வாங்கிப் பார்த்தார். அருவித் தண்ணீர் பாறையில் விழுந்து தெறித்த மாதிரி நடுவிலிருந்து நாலு பக்கமும் கீறல். ஒரு பாதி கறுப்பு. அறைய ஓங்கிய கை மட்டும் மிச்சப் பாதியில் தெரிந்ததாம்.

மதினி கத்தவில்லை. தட்டு, இலை, தூள், நூல் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டினார். ஆய்க்குடியில் தம்பி வீடு இருக்கிறது. வாசலில் நின்று ஒன்றுதான் சொன்னாராம்.

"போன் பழையபடி ஆகட்டும். அன்னைக்கி வாரேன்."

அண்ணாச்சி இதை எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மத்தியானம் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்தபோது அவரிடம் சட்டி இல்லை. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடைக்கு என் வண்டியில் கூட்டிப் போனேன். டிஸ்பிளே போய்விட்டது, வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அண்ணாச்சி போனை விடவில்லை. கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார், இவர் மறுமுனையை.

"ஆள விட்டுட்டுப் போன்னு எந்த வைத்தியனாவது சொல்லுவானாவே? விழவச்ச கை எதுவோ அதுதான் எடுக்கணும். அடுத்தவன் கை பட்டா மறுபடி விழும்."

கடைக்காரர் கையை எடுத்துக்கொண்டார். டிஸ்பிளே, ஒரு டியூப் பசை, ஊசி மாதிரி ஒரு திருப்புளி வாங்கினோம். முன்னே பின்னே செய்திருக்கிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். போனுக்குச் செய்ததில்லை என்றார் அண்ணாச்சி. கடைக்காரர் நல்ல மனுசன். கிளம்பும்போது என் காதில் ரெண்டு விஷயம் சொன்னார். திறந்ததும் முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். ஒட்டுவதற்கு முன்னால் புது டிஸ்பிளே எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதை நான் மறக்கவில்லை. நான் செய்த உதவி அவ்வளவுதான்.

மறுநாள் மலையில் மழை. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. கொட்டகைக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. அண்ணாச்சி பாயை விரித்து, துண்டு போட்டு, போனைக் குப்புறப் படுக்கவைத்தார்.

என் போனில் ஒரு வீடியோ போட்டுப் பிடித்துக்கொண்டேன். அதில் ஒருத்தன் இதே வேலையைச் செய்கிறான். பேசுவது இந்தி. என்ன சொல்லுதான் என்று கேட்டார். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, சரியாத்தான் சொல்லுதான் என்றார்.

ஓரத்துப் பசை இளகச் சூடு காட்ட வேண்டும். வீடியோக்காரனிடம் அதற்கு ஒரு மெஷின் இருந்தது. அண்ணாச்சி கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். மூட்டு வீக்கத்துக்குக் கொடுக்கிற அதே ஒத்தடம். ஓரம் ஓரமாக, பொறுமையாக. கொடுக்கும்போதே மூச்சை நல்லா விடு என்று போனிடம் சொன்னார். பின்மூடி சத்தமில்லாமல் கழன்று வந்தது. எனக்கே ஆச்சரியம்.

உள்ளே கடுகு கடுகாக ஸ்குரு. எது எங்கே இருந்தது என்று மாறிவிடக் கூடாது. ஒரு வெற்றிலையை எடுத்தார். போனில் ஸ்குரு இருந்த இடம் போலவே இலையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார். பொட்டுக்கு ஒரு ஸ்குருவாக ஒட்டிவைத்தார். நல்ல யோசனைதான். பக்கத்தில் புளியரைக்காரர் உட்கார்ந்திருந்ததுதான் தப்பு. அவரும் எங்கள் கூட்டத்து ஆள். வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். சுண்ணாம்பு தடவி ஒரு இலை சும்மா கிடக்கிறது. மனுசன் மடித்து வாயில் வைத்துவிட்டார்.

அண்ணாச்சி திட்டவில்லை. எழுந்து போய், தாடைச் சுளுக்கு எடுக்கிற பிடியில் ரெண்டு பக்கமும் பிடித்து ஓர் அமுக்கு. புளியரைக்காரர் வாய் தானாகத் திறந்தது. இலை மடிப்புக் கலையாமல் துண்டில் விழுந்தது. ஸ்குரு எல்லாம் இருந்தது. "என்டெ பல்லுவே" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை முனகிக்கொண்டிருந்தார்.

பேட்டரி வயரைக் கழற்றினார். டிஸ்பிளேயின் பட்டை வயரைக் கழற்றினார். முன்பக்கம் ஒத்தடம் கொடுத்து உடைந்த கண்ணாடியைத் துண்டு துண்டாக எடுத்தார். விரலில் ரெண்டு இடத்தில் கிழித்தது. எண்ணெயைத் தொட்டு வைத்துக்கொண்டார். புதுசை மாட்டி, பேட்டரி வயரையும் மாட்டி, ஒட்டாமல், பொத்தானை அமுக்கினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெளிச்சம் வந்தது. மதினி வைத்திருந்த முருகன் படம் முழுசாகத் தெரிந்தது. தாடை வலித்த புளியரைக்காரரும் எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி எங்களைப் பார்க்கவில்லை. வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்தார். ஸ்குருவை முறுக்கிப் பின்மூடியைப் பொருத்தினார். இனி கண்ணாடியை ஒட்டினால் தீர்ந்தது, நாளைக்கு மதினி வந்துவிடுவார்.

ஒட்டவில்லை.

ஓரத்தில் பசை தடவி, வைத்து அமுக்குவார். விரலை எடுத்தால் கண்ணாடி அலுங்காமல் எழுந்து வரும். துடைத்துவிட்டு மறுபடி வைப்பார். மறுபடி எழுந்து வரும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மீசை முளைக்கும் முன்னாலிருந்து எண்ணெயில் கிடக்கிற கை. எண்ணெய் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. சீயக்காய் போட்டுத் தேய்த்தார். சாம்பல் போட்டுத் தேய்த்தார். அந்தக் கை தொட்ட இடத்தில் பசை நிற்கவில்லை.

அவர் எங்கள் கையைப் பார்த்தார். நாங்களும் எங்கள் கையைப் பார்த்துக்கொண்டோம். அந்தக் கொட்டகையில் எண்ணெய் இல்லாத கை கிடையாது. ரோட்டில் போகிற யாரையாவது கூப்பிடலாம் என்றேன். அடுத்தவன் கை ஆகாது என்று தலையை ஆட்டினார். பிறகு எழுந்தார்.

"ஆய்க்குடிக்கு வண்டிய எடுலே."

போனையும் கண்ணாடியையும் பிரிக்காமல் துண்டில் வைத்து, வயர் இழுபடாமல் இருக்க, கை ஒடிந்தவனுக்குத் தூளி கட்டுவது போலக் கழுத்திலிருந்து கட்டிக்கொண்டார். அதைத் தாங்கிக் கையையும் உள்ளே வைத்துக்கொண்டார். தென்காசியில் டீ குடிக்க நிறுத்தினேன். கடையில் ரெண்டு பேர் கைக்கு என்ன அண்ணாச்சி என்று கேட்டார்கள். கைக்கு ஒன்றுமில்லை, போனுக்கு என்றார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் டீயைக் குடித்தேன்.

ஆய்க்குடியில் தம்பி வீட்டு முன்னறையில் மதினி பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எதிரே செம்பு இல்லை. அண்ணாச்சி வாசலில் வந்து நின்றதும் நிமிர்ந்தார். தூளியைப் பார்த்தார். எழுந்த வேகத்தில் தட்டு சரிந்து, இலையும் தூளும் தரையெல்லாம் கொட்டிவிட்டது.

"கைக்கி என்ன செஞ்சிய?"

அண்ணாச்சி தூளிக்குள்ளிருந்து போனை எடுத்துக் காட்டினார். மதினி போனையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து இலையைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"சரியாயிட்டா?"

"எரியுது."

"பழையபடி ஆயிட்டா?"

அண்ணாச்சி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு, குழாய், பஸ், குரங்கு என்று எதற்கும் அவர் சொல்லாத வார்த்தையை அன்றைக்குச் சொன்னார்.

"என் கையில ஒட்ட மாட்டுக்கு. நீ ஒட்டு."

மதினி தட்டைத் தள்ளிவைத்தார். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எண்ணெயைத் துடைத்தார். பசை தடவினார். பீடி முனையை மடக்குகிற நகத்தால் ஓரத்தைச் சுற்றி ஓர் அழுத்து. கண்ணாடி உட்கார்ந்தது. எழுந்து வரவில்லை. பீடி கட்டுகிற நூலை எடுத்து, போனை நெடுக்கும் குறுக்குமாகச் சுற்றி முடிச்சுப் போட்டு, சுவரில் விளக்கு வைக்கிற மாடாக்குழியில் வைத்தார். விடியிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்றார். யாரைச் சொன்னார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

காலையில் அண்ணாச்சி அந்தப் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். நாடகம் ஓடுகிறதாம். ஓங்கிய கை இறங்கிவிட்டதாம். மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தொட்டால் கேட்க மாட்டேன் என்கிறதாம். அதனால் பழையபடி ஆகவில்லை என்று மதினி சொல்கிறாராம். வர மாட்டாராம்.

அப்ப நீங்க என்றேன்.

"அவ வரல்லன்னா நான் இங்கன இருக்கேன்லே. அந்த ஓரத்தையும் கொஞ்சம் நீவிட்டா..."

பின்னாலிருந்து மதினி குரல் கேட்டது.

"அந்த ஓரத்தத் தொட்டிய, கைய ஒடிச்சிருவேன்."

அண்ணாச்சி சிரித்தார். மதினியும் சிரித்தது கேட்டது. போனை வைத்துவிட்டார்கள்.

இன்றைக்கு வரைக்கும் அந்த ஓரம் அப்படியேதான் இருக்கிறது. அவரும் ஆய்க்குடியில்தான் இருக்கிறார். சீசனுக்குக்கூட வரவில்லை. அந்த ஊரில் நிறைய கதவுகள் இருக்கின்றன என்று கேள்வி.

எனக்குக் கொஞ்ச நாளாக இடது தோள்பட்டை தூக்க முடியவில்லை. கொட்டகையில் கைக்குப் பஞ்சம் இல்லை. புளியரைக்காரர் தினமும் கேட்கிறார். நான் இன்னும் யாரிடமும் காட்டவில்லை.