தீவுக்கு டிக்கெட் தராத அண்ணை

வாடிக்கையாளர் கையில் டிக்கெட் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே டிராவல் ஏஜென்சி நடத்தியவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒருவர்தான். ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் நகரில் நாங்கள் அவரைக் 'கடைசி போட் அண்ணை' என்று அழைத்தோம். சொந்தப் பெயர் கடைவாசல் பலகையில் இருந்திருக்கும். பலகையை மறைத்துக்கொண்டு போன் கார்டு விளம்பரங்கள் தொங்கியதால் யாரும் படித்ததில்லை.

கடை ரயில் நிலையத்துக்குப் பின்புறம். முன்பாதியில் அரிசி மூட்டை, முருங்கைக்காய், யாழ்ப்பாண மிளகாய்த்தூள். பின்பாதியில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அண்ணை. கொழும்பு, சென்னை என்றால் உடனே டிக்கெட் அடித்துக் கொடுத்துவிடுவார். தீவு என்று வாயெடுத்தால் போச்சு. அவர் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். அதனால் உலகத்துத் தீவுகள் அத்தனைக்கும் தானே பொறுப்பு என்று ஒரு நினைப்பு.

யூரோ வந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த சமயம். என் மனைவி கவிதாவுக்குக் கடற்கரை விடுமுறை என்று வாக்குக் கொடுத்து, புராஜெக்ட் வேலையால் இரண்டு முறை கைவிட்டிருந்தேன். "இந்தத் தடவையும் கேன்சல்னா, நான் மதுரைக்கு ஒன்வே டிக்கெட் எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த பெரிய பெட்டி ஏற்கெனவே வெளியே வந்திருந்தது. ஆகவே மத்தியதரைக் கடலில், கிரேக்க நாட்டுப் பக்கம், ஒரு பொடித்தீவு, ஐந்து நாள். அதில் ஒரு நாள் குறைந்தாலும் என் குடும்பம் தாங்காது என்ற நிலைமை.

இருவரும் அண்ணை முன்னால் போய் உட்கார்ந்தோம்.

"தீவோ? கடைசி போட் எத்தினை மணிக்கு?"

"தெரியலையே அண்ணே. போய்ப் பாத்துக்கலாம்."

அண்ணை கீபோர்டைத் தள்ளி வைத்தார். "போய்ப் பாக்கிறதோ? தீவுக்குப் போற ஆள் முதல்லை கேக்கவேண்டியது திரும்பி வாற போட்டை, தம்பி. சரி, தண்ணி எப்பிடி? உப்போ, நல்ல தண்ணியோ?"

"பாட்டில் வாங்கிக்குவோம்."

"மத்தியானம் கடையெல்லாம் பூட்டிப்போடுவாங்கள். அப்ப?"

"தங்கற இடத்துல கேப்போம்."

"அவையும் படுத்திட்டினம் எண்டால்?"

கவிதாவுக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, நீங்க அந்தத் தீவுக்குப் போயிருக்கீங்களா?"

"எனக்கென்னத்துக்குப் பிள்ளை? நான் தீவிலை பிறந்தனான். தீவெண்டால் தீவுதான்."

டிக்கெட் கிடைக்கவில்லை. விசாரித்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார். ஒரு பேப்பரிலும் அரியர் வைக்காமல் இன்ஜினீயரிங் முடித்தவன், முருங்கைக்காய்களுக்கு நடுவே ஃபெயிலாகி வெளியே வந்தேன். வேறு ஏஜென்சிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனோம். அந்தத் தேதியில் மிச்சமிருந்த இரண்டு சீட்டையும் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள். யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா?

அடுத்த சனிக்கிழமை ஒப்பித்தோம். பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பணம் எடுக்கும் மெஷின் துறைமுகத்தில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடை கிடையாது. அண்ணை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "டாக்குத்தர் ஆர்?" என்றார். மறுபடி ஃபெயில். அதற்கடுத்த வாரம்தான் தேறினோம். டிக்கெட்டோடு ஒரு பையும் கொடுத்தார். உள்ளே மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பனடோல் மாத்திரை, ஒரு பெரிய பொட்டலம் கருவாடு. மீன் பிடித்தே பிழைக்கிற தீவுக்குக் கருவாடு கொண்டுபோன தம்பதி நாங்களாகத்தான் இருப்போம். என் புதுச் சட்டைகள் ஊர் திரும்பியும் மணத்தன.

தங்குமிடத்து அம்மாள் வாசலிலேயே ஜெர்மனில் வரவேற்றாள். "உங்கள் அப்பா மூன்று முறை போன் செய்துவிட்டார். வீட்டில் கிணறு இருக்கிறதா என்று கேட்டார்."

என் அப்பா திருச்சியில் இருக்கிறார். அவருக்கு ஜெர்மனில் வணக்கம்கூடச் சொல்லத் தெரியாது. துறைமுகப் போலீஸ்காரரும் எங்களைக் கண்டதும் தொப்பியைத் தொட்டார். அவரிடமும் தினம் காற்று நிலவரம் விசாரிக்கப்பட்டு வந்ததாம்.

தீவு அருமை. மத்தியானம் கடைகள் பூட்டின; நாங்களும் படுத்துத் தூங்கினோம். கவிதா பழையபடி பேச ஆரம்பித்தாள், சிரிக்கவும் செய்தாள். நாலாம் நாள் காலையில்தான் போட் டிக்கெட்டை ஒழுங்காகப் பார்த்தேன். அன்று மாலைக்கே திரும்பும்படி போட்டிருந்தார் அண்ணை, ஏதென்ஸிலிருந்து கிளம்பும் விமானத்துக்கு ஒரு முழு நாள் முன்னால்! துறைமுகத்துக்கு ஓடினேன். மறுநாள் போட்டில் இடமில்லை.

ஐந்தாம் நாளை ஏதென்ஸில் கழித்தோம். வெந்து போன ஓர் அறை. ஜன்னலுக்கு வெளியே கார் மெக்கானிக் கடை. கவிதா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் கீழே போன் பூத்துக்கு இறங்கினேன். அவளும் கூடவே வந்தாள், அண்ணையைத் திட்டும் பாக்கியத்தை எனக்கு மட்டும் விட்டுத்தர மனமில்லாமல்.

"என்ன அண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"இறங்கிட்டியளோ?"

"இறங்கிட்டோம்! ஒரு நாள் போச்சு!"

"காத்து?"

"ஒரு இலை ஆடலை அண்ணே!"

"ஓ…" என்றார். அந்தக் காற்றே அவரை ஏமாற்றிவிட்ட மாதிரி ஒரு குரல். கவிதா ரிசீவரைப் பிடுங்கினாள். இரண்டு வாக்கியம் திட்டினாள். பிறகு அண்ணை பேசுவதைக் கேட்க ஆரம்பித்தாள். நானும் காதை ஒட்டிக்கொண்டேன்.

"கோவிக்காதேங்கோ பிள்ளை. காத்துக்கு ஒருக்கா போட் விடேல்லை. என்ரை கலியாணத்துக்கு நான் ரெண்டு நாள் பிந்திப் போனனான். அவ அழுதழுது இருந்தவ. மாமா இப்பவும் என்னோடை முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. உங்களுக்கு அப்பிடி ஒண்டும் வரக்கூடாதெண்டுதான்."

கவிதா பூத்துக்குள்ளேயே சரிந்து உட்கார்ந்து சிரித்தாள். சாப்பிடும்போது நினைத்துச் சிரித்தாள், விமானத்தில் சிரித்தாள். டார்ம்ஸ்டாட் திரும்பியதும் அந்தப் பெரிய பெட்டி கட்டிலுக்கடியில் போய்விட்டது.

சில வருடங்களில் அண்ணை கடையை மூடிவிட்டு மகளோடு இருக்கக் கனடா போய்விட்டார். அடுத்த முறை அதே தீவுக்கு இன்டர்நெட்டில் பதிவு செய்தோம். கம்ப்யூட்டர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. தங்குமிடத்து அம்மாள், "அப்பா நலமா? இந்தத் தடவை போனே வரவில்லையே" என்றாள்.

அறைக்கு வந்ததும் கவிதா போட் டிக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். திரும்புவதை ஒரு நாள் முன்னதாகவே போட்டிருந்தாள். மறுபடி ஏதென்ஸ், மறுபடி வெந்து போன அறை. கனடாவுக்குப் போன் போட்டோம்.

"இறங்கிட்டியளோ?"

"இறங்கிட்டோம் அண்ணே."

"காத்து?"

ஜன்னல் திரை நூலளவும் அசையவில்லை. நான் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கவிதா போனைப் பிடுங்கிவிட்டாள்.

"ஐயோ, பயங்கரக் காத்து அண்ணே! போட்டெல்லாம் நிறுத்திட்டாங்க. நீங்க அன்னிக்குச் சொல்லலைன்னா நாங்க மாட்டியிருப்போம்!"

"நான் சொன்னனான் எல்லே, பிள்ளை!"

கனடாவிலிருந்து வந்த அந்தச் சந்தோஷத்தைக் கேட்க, இன்னும் எத்தனை நாளை வேண்டுமானாலும் ஏதென்ஸில் வீணாக்கலாம்.