லோரீன் நகர்த்தாத கதவு

மாநில வாரியத்திடமிருந்து லோரீனுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள் வந்தன. சமையல் மேடையில் இரண்டையும் அருகருகே வைத்து மூன்று முறை படித்தாள். தான்தான் தப்பாகப் படிக்கிறோம் என்று தோன்றியதால் நான்காம் முறையும் படித்தாள்.

முதல் கடிதம் அவளுடைய உள்ளக வடிவமைப்பாளர் உரிமத்தைப் பற்றியது. தேர்வில் தேறிவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் பொதுக் கட்டடங்களில் இரண்டு ஆண்டு வேலை செய்ததற்கு அதிகாரபூர்வமான ஆதாரம் எதுவும் இல்லை. முப்பது நாளுக்குள் தராவிட்டால் விண்ணப்பம் ரத்து.

இரண்டாவது கடிதம், உரிமம் இல்லாமல் பொதுக் கட்டடங்களில் இரண்டு ஆண்டு வேலை செய்ததாக உங்கள்மீது புகார் வந்திருக்கிறது, விசாரணைக்கு வரவும் என்றது.

அவள் கணவன் குளோவிஸ், பள்ளிப் பேருந்து ஓட்டுபவன், இறால் குழம்பைக் கிளறியபடியே எட்டிப் பார்த்தான்.

"ஒருத்தன் செஞ்சியாங்கறான், ஒருத்தன் ஏன் செஞ்சேங்கறான். ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்க மாட்டாங்களா?"

"ரெண்டு பேரு இல்ல குளோவிஸ். ரெண்டு கடிதத்துலயும் கையெழுத்து ஒண்ணுதான்."

"யாரு போட்டுக் கொடுத்திருப்பா?"

"தெரியல. நான் செஞ்சது தப்புன்னு நினைச்ச யாரோ. ஒருவேளை தப்புதானோ என்னமோ."

"வீடுகள் செஞ்சிருக்கியே, அதைக் காட்டேன்."

"வீட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம். அதனால அது அனுபவத்துலயும் சேராது."

குளோவிஸ் கரண்டியை வைத்துவிட்டான். "சேர்ற வேலையைச் செஞ்சா குத்தம். குத்தமில்லாத வேலை சேராது. இதை உக்காந்து யோசிச்சவன் கைக்கு முத்தம்தான் கொடுக்கணும்."

லோரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருடமாக ஒரு மேசை நாற்காலிக் கடையில் திரைச்சீலை விற்கிறாள். நான்கு வருடம் மாலை வகுப்பு. அவள் வரைந்த கழிப்பறையில் சக்கர நாற்காலி திரும்ப முடியாததால் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தேறினாள். மே மாத முடிவுக்குள் உரிமம் கையில் இருந்தால், ஊர் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை வடிவமைக்கும் வேலையை அவளிடமே தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் காலை ஆல்சிட் ரோமெரோவைப் பார்க்கப் போனாள். அவர் மூன்று ஊர்களில் இறுதிச் சடங்கு இல்லங்கள் நடத்துபவர். ஊரில் பாதிப் பேரை அடக்கம் செய்தவர் என்பதால் மீதிப் பேர் அவரிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். திரைச்சீலை மாட்டப் போன லோரீன், அவர் கேட்டுக்கொண்டதால், மூன்று இல்லங்களையும் இரண்டு வருடத்தில் மாற்றிக் கொடுத்திருந்தாள்.

"நான் வேலை செஞ்சேன்னு ஒரு கடிதம் வேணும், மிஸ்டர் ரோமெரோ."

அவர் கறுப்புக் கரை போட்ட தாளை எடுத்தார். 'இங்குள்ள ஒவ்வொரு சுவரும், விளக்கும், கதவும் லோரீன் சொன்னபடி நிற்கின்றன. வந்து படுத்தவர்களில் ஒருவர்கூட இதுவரை குறை சொன்னதில்லை.'

தபாலில் போட்ட பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எழுத்தர் பெர்ல் எடுத்தாள்.

"அந்தக் கடிதம் எந்த ஃபைலுக்குப் போகும்மா?"

"ரெண்டுக்கும்தான், செல்லம். பேரு ஒண்ணுதானே."

"லைசென்ஸுக்கு அது போதுமா?"

"லைசென்ஸுக்குத் தனியார் கடிதம் செல்லாது. புகாருக்கு நல்லாவே செல்லும்."

லோரீன் திரும்பவும் ரோமெரோவிடம் ஓடினாள். "நான் ஒண்ணுமே செய்யலன்னு இன்னொண்ணு எழுதிக் கொடுங்க. விசாரணையில ஜெயிச்சுட்டாலாவது மெதுவா வேற ஆதாரம் தேடிக்கலாம்."

"பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லியேம்மா. இரங்கல் குறிப்பு எழுதறதோட சரி," என்றார். ஆனாலும் எழுதினார். அவரே தபாலிலும் சேர்த்துவிட்டு, நகலை அவளிடம் கொடுத்தார்.

'லோரீன் இங்கே எதையும் வடிவமைக்கவில்லை. பதினோரு வாரம் தினமும் அளவு நாடாவோடு வந்தாள். காபி குடிக்கத்தான் வந்தாள் என்று நம்புகிறேன். அவள் வந்துபோன பிறகு ஒரு சுவரைக் காணவில்லை. படங்கள் இணைப்பு.'

"படம் எதுக்கு வச்சீங்க?"

"சுவரு காணோம்னு சொன்னா ஆதாரம் கேக்க மாட்டாங்களா?"

லோரீன் கண்ணை மூடித் திறந்தாள். கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. "விசாரணைக்கு நீங்களே வந்துடுங்க. ஆனா வாயே திறக்கக் கூடாது. சும்மா உக்காந்திருந்தா போதும், உங்களைப் பாத்தா யாரும் கடுமையாப் பேச மாட்டாங்க."

"ஆகட்டும். நம்ம தொழில்ல படுக்க வைக்கறதுதான் வழக்கம். உக்காந்தும் பாத்துடறேன்."

விசாரணை அன்று அவர் கறுப்பு உடையில், யாரோ இறந்துபோன முகத்தோடு முன்வரிசையில் அமர்ந்தார். அவரைப் பார்த்ததுமே வாரியத்தின் ஐந்து பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தலைவி திருமதி ஆர்டுவான் படங்களை ஒவ்வொன்றாக வைத்தார்.

"முன்னாடி சவப்பெட்டி போற வழி, துக்கத்துக்கு வந்தவங்க உக்கார்ற காபி அறைக்குள்ள இருந்துச்சு. இப்ப இல்ல. யாரு மாத்தினது?"

"மேஸ்திரிங்க, மேடம்."

"மேஸ்திரிக்கு யாரு சொன்னது?"

லோரீன் பதில் தயாராக வைத்திருந்தாள். நேற்று முழுவதும் அதைத் தாளில் எழுதி எழுதித் திருத்தியிருந்தாள். ஆனால் படத்தில் சவப்பெட்டி போகும் அந்தக் கதவு இருந்தது.

அவள் திரைச்சீலை மாட்டப் போன முதல் நாள், காபி அறையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து இனிப்பு வடை தின்றுகொண்டிருந்தாள். இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடாதவளாக இருக்க வேண்டும். அப்போது அந்தப் பெண்ணின் கணவனுடைய சவப்பெட்டியை அந்த வழியாகவே தள்ளிக்கொண்டு போனார்கள். திருடும்போது அகப்பட்டவள்போல, அந்தப் பெண் வடையைக் கைப்பைக்குள் மறைத்தாள். அந்த வாரமே லோரீன் கதவை மறுபக்கத்துக்குக் கொண்டுபோனாள். அவள் இதுவரை செய்தவற்றில் சரியாகச் செய்தோம் என்று சந்தேகமில்லாமல் நம்பியது அது ஒன்றைத்தான்.

பின்வரிசையில் குளோவிஸ் வேண்டாம் என்று தலையாட்டினான்.

"நான்தான் சொன்னேன்," என்றாள். "மூணு இடத்துலயும். சுவரு, விளக்கு எல்லாமே. மத்ததைக்கூட இல்லன்னு சொல்லிடுவேன் மேடம், அந்தக் கதவை என்னால முடியாது."

ரோமெரோ கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாய் திறக்கவில்லை.

இருபது நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. லோரீன் இரண்டு ஆண்டுகள், மூன்று பொதுக் கட்டடங்களில், உரிமம் இல்லாமல் உள்ளக வடிவமைப்பாளராக முழுமையாகப் பணியாற்றியது நிரூபணம் ஆகிறது. எழுத்துபூர்வமான கண்டனம் வழங்கப்படுகிறது.

"விடு," என்றான் குளோவிஸ். அவள் கோட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

அவர்கள் ரத்து செய்யும்வரை காத்திருப்பது லோரீனுக்குச் சரியாகப் படவில்லை. கவுண்டரில் பெர்லிடம் போய், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் படிவம் கேட்டாள். பெர்ல் நிமிரவில்லை. தீர்ப்பின் நகலில் வாரியத்தின் முத்திரையைக் குத்தி, உரிம ஃபைலுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் இதுல வைக்கறீங்க?"

"அதிகாரபூர்வமான ஆதாரம் கேட்டிருக்கோமே. ரெண்டு வருஷம், பொதுக் கட்டடம், நிரூபணம் ஆகிறது. வாரியமே சொன்னதை வாரியம் இல்லங்குமா? லைசென்ஸ் அடுத்த வாரம் தபால்ல வந்துடும்."

"கண்டனம் வாங்கினவளுக்கா?"

"அதைக் கேக்கற கட்டமே ஃபாரத்துல கிடையாது, செல்லம்."

லோரீன் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ... என் மேல புகார் கொடுத்த ஆளுக்கு இது தெரிஞ்சா வயிறு எரியுமே."

பெர்ல் முதல்முறையாக நிமிர்ந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே கறுப்பு உடையில் கைகட்டி நின்றவரைப் பார்த்தாள்.

"எரியறதாவது! உங்களுக்குக் கடிதம் போறதுக்கு முன்னாடியே, 'வாடிக்கையாளர் கடிதம் செல்லாது, தீர்ப்புதான் செல்லும்'னு நான் சொன்னதும், மிஸ்டர் ரோமெரோ அந்த நாற்காலியில உக்காந்து, என் பேனாவையே வாங்கித்தானே உங்க மேல புகார் எழுதினாரு."