மலையாண்டிக்கு ஒரு பூசைக் கருத்து

பசுமலை,
வியாழக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஆன்சன் அவர்களுக்கு, மாமன் தனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாம் சுகம், என் நெஞ்சு ஒன்றைத் தவிர. போனிலேயே சொல்லியிருப்பேன், மகள் எஸ்தர் காதில் விழுந்தால் அழுவாள். இதை அவளிடம் காட்ட வேண்டாம்.

ஆபரேஷன் வரை படியேறக் கூடாது, கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், பொழுது போகட்டும் என்று என் போனில் ஒரு நாவலை ஏற்றி, காதால் கேட்டாலே போதும், பெரிய பரிசு வாங்கியது என்றீர்கள் அல்லவா? முப்பத்திநாலு வருடம் மிஷன் பள்ளியில் குமாஸ்தாவாக இருந்து நூலகத்தையும் சேர்த்துப் பார்த்த நான் அந்த எழுத்தாளர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. இருந்தும் முதல் நாளே நானும் உங்கள் அத்தை பிலோமினாளும் சொக்கிப்போனோம். கதாநாயகர் மலையாண்டி என்னைப் போலவே ஓய்வுபெற்ற குமாஸ்தா, என்னைப் போலவே சட்னியில் குற்றம் சொல்பவர், பதினெட்டாம் அத்தியாயத்தில் அவருக்கும் நெஞ்சுவலி, அவருக்கும் பைபாஸ். ஸ்ட்ரெச்சர் தியேட்டர் வாசலுக்குப் போனதும் அத்தை போனைப் பிடுங்கி நிறுத்திவிட்டாள். “போதும். நல்லபடியா முடியுற கதைக்கு எவன் பரிசு குடுக்குறான்?” என்றாள்.

அதோடு விட்டாளா? மறுநாளே மாதா கோவிலுக்குப் போய், மலையாண்டி சுகம் பெற வேண்டி பூசைக் கருத்து எழுதிக் கொடுத்துவிட்டாள். ஞாயிறு பூசையில் சாமியார் அதை மைக்கில் வாசித்தார். அன்று சாயங்காலம் எங்கள் தெரு ஜெபக் குழுவிலிருந்து ஆறு பேர் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து, “எந்த ஆஸ்பத்திரிண்ணே? எந்த வார்டு? ஒரு எட்டுப் பாத்துட்டு வாரோம்” என்று நின்றார்கள். உண்மையைச் சொன்னேன். திட்டுவார்கள் என்று பார்த்தால், உட்கார்ந்து முதலிலிருந்து கேட்க ஆரம்பித்து, மூன்று நாளில் அதே தியேட்டர் வாசலுக்கு வந்து அவர்களும் பயந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் “மலையாண்டிக்கு எப்படிண்ணே இருக்கு?” என்றுதான் விசாரிக்கிறார்கள். பதினெட்டாம் தேதி ஆபரேஷன் எனக்கு என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. கடைசி அத்தியாயத்தை நானே கேட்கத் தைரியமில்லை, தெரிந்துகொள்ளாமல் தியேட்டருக்குள் போகவும் மனசில்லை. நீங்கள் கேட்டுவிட்டு, அவர் பிழைத்தாரா இல்லையா என்று உள்ளது உள்ளபடி ஒரு வரி எழுதவும். பிழைக்கவில்லை என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம் என்றிருக்கிறேன்.

எஸ்தருக்கும் குழந்தைக்கும் என் ஆசீர். மாதா உங்கள் வீட்டைக் காப்பாராக.

இப்படிக்கு,
மாமன் தனிஸ்லாஸ்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது அத்தை என் போனோடு அடுப்படியிலிருந்து வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேட்டு முடித்துவிட்டாளாம். “பொழச்சுட்டாருங்க. மறு வாரமே தெருவுல நடக்குறாரு. நீங்க தைரியமாப் போங்க” என்றாள். முகம் வீங்கி, மூக்கு சிவந்திருந்தது. சொன்ன கையோடு அந்த நாவலைப் போனிலிருந்து அழித்தும்விட்டாள். ஆகவே நீங்கள் பதில் எழுத வேண்டாம். பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். அத்தை வெளியே தனியாக உட்கார்ந்திருப்பாள்.