ஒத்தப் பட்டனும் கொழுந்து லொறியும்

ஹட்டன் நகரம் இதுவரை பார்த்ததில் மிகப் பெரிய மூளைக்காரரும் மிகப் பெரிய கிறுக்கரும் ஒரே ஆள்தான். சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். மறுப்பவர்கள் அவரோடு ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

பெயர் ஒத்தப் பட்டன். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இரண்டாயிரத்து எட்டு வாக்கில், கைப்பேசியில் பட்டன்களை டொக் டொக்கென்று அமுக்கிக்கொண்டிருந்த காலம். கைப்பேசிக்கு மென்பொருள் எழுத மலையகப் பிள்ளைகளால் முடியுமா என்று பார்க்க, கொழும்புக் கம்பனி ஒன்று எங்களுக்கு ஒரு பேக்கரியின் மேல்மாடியில் அறை எடுத்துக் கொடுத்திருந்தது. நான், யோகன், இன்னும் மூன்று பேர். எங்களுக்குத் தலைவராக வந்தவர் கினிகத்தேனைக்காரர், முப்பது வயது இருக்கும். வந்த முதல் நாளே சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினார்: "ஒரு வேலைக்கு ஒரு பட்டன். ரெண்டாவது பட்டன் கேக்கிறவங்க கீழ போய் பாண் விக்கலாம்." அன்று சாயந்தரத்துக்குள் நாங்கள் பெயர் சூட்டு விழாவை முடித்துவிட்டோம்.

நாங்கள் செய்தது சின்னச் சாமான்தான். பறித்த தேயிலைக் கொழுந்தை ஏற்றிப் போக லொறி எப்போது வரும் என்று தெரியாமல் பெண்கள் மழையில் காத்து நிற்பார்கள். இனி மலையிலிருந்து பட்டனை அமுக்கினால் போதும், டிரைவரின் போனில் மணியடித்துச் செய்தி விழும், லொறி வரும். இதற்குப் போய் ஆறு மாதம் எடுத்தீர்களா என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்.

தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. ஆட்களை வரிசையாக நிறுத்தி இன்றைக்கு யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுப்பார்கள். ஏச்சும் தாராளமாகக் கிடைக்கும். எங்கள் அறையிலும் காலை எட்டு மணிக்கு விசில் ஊதிப் பெரட்டு வைத்தார் மனுசன்! ஆனால் தலைகீழ்ப் பெரட்டு. அவர் நடுவில் நிற்பார், நாங்கள் ஏச வேண்டும்.

"நேத்து என்னால கெட்டுப் போனது என்னா? சொல்லுங்க."

எனக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே.

"ஒங்க பேச்சுத்தாண்ணே. ரெண்டு மணித்தியாலம் பேசினீங்க, எங்க வேலை ஒண்ணுமே ஓடல."

"ஆகா! சுகந்தி, இதத்தாம்மா நான் எதிர்பார்த்தேன்!" என்று துள்ளினார். அதிகம் பேசக் கூடாது என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்.

யோகன் மூன்று வாரம் மண்டையை உடைத்து, போன் திரைக்குப் பதினான்கு நிறத்தில் ஒரு தெரிவுப் பட்டியல் செய்து கொண்டுவந்தான். ஒத்தப் பட்டன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகா இருக்குடா. அதான் பயமா இருக்கு. மழையில நிக்கிற அக்காவுக்கு இது எதுக்கு?"

"அப்ப அழிக்கப் போறீங்களா?" யோகன் போனைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

"நான் அழிச்சா நான் திமிர் புடிச்சவன். நீயே அழிச்சா நீ பெரியாளு."

மறுநாள் பெரட்டில் யோகனே அதை அழித்தான். அடேயப்பா, ஒத்தப் பட்டன் கைதட்டிய தட்டலில் கீழே பேக்கரியில் வாடிக்கையாளர்கள் வெளியே வந்து பார்த்தார்கள்!

அடுத்த வாரம் எங்கிருந்தோ ஒரு கொழுந்துக் கூடையைத் தூக்கி வந்தார். தடித்த கணினிப் புத்தகங்களை அதில் நிரப்பி, எங்கள் முதுகில் மாட்டி, கையைத் தண்ணீரில் நனைத்து, மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டே போனை அமுக்கச் சொன்னார். பேக்கரி முதலாளி மாவுக் கையோடு வந்து பார்த்து, "பிஸ்ஸுத மாத்தயா?" என்று கேட்டார். பைத்தியமா என்று அர்த்தம். ஒத்தப் பட்டன் சந்தோஷமாகச் சிங்களத்திலேயே ஆமாம் என்றார்.

சிரிப்பெல்லாம் மாதக் கடைசி வரைக்கும்தான். வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து டிரெக்டர் அம்மா வருகிறார், சாமான் பிடிக்காவிட்டால் அறையை மூடிவிடுவார் என்று செய்தி வந்தது. அறை மூடினால் திங்கட்கிழமை நான் கொழும்பு புறக்கோட்டைத் துணிக்கடைக்குப் போக வேண்டும். அப்பா ஏற்கனவே வாக்குக் கொடுத்துவிட்டார். நாள் முழுக்க நின்று சேலை விரிக்கிற வேலை. அங்கே போன என் சிநேகிதிகள் கால் வீங்கித் தீபாவளிக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஹோட்டல் மண்டபத்தில் வைத்துக் காட்டுவோம் என்று கெஞ்சினோம். ஒத்தப் பட்டன் கேட்டாரா? "மழையில நிக்கிறவங்களுக்குச் செஞ்சத மழையிலதான் காட்டணும்" என்று அந்த அம்மாவை மலைக்கே ஏற்றிவிட்டார். அம்மா யாழ்ப்பாணத்துக்காரர். சிரித்ததாகச் சரித்திரம் இல்லை. வானம் வேறு பொத்துக்கொண்டு ஊற்றியது.

கொழுந்தெடுக்கும் லெட்சுமி அக்கா, கூடையோடு நின்றபடி ஈரப் பெருவிரலால் ஒரே அமுக்கு. செய்தி போய்ச் சேர்ந்தது! நாங்கள் ஐந்து பேரும் குதித்தோம். ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. அரை மணி நேரமும் ஆனது.

"தம்பி, லொறி எங்கை?"

"வந்துக்கிட்டே இருக்குங்கம்மா."

"எனக்குத் தடிமன்தான் வந்துகொண்டிருக்கு." அம்மா தும்மினார்.

யோகன் கீழே ஓடிப் போய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "டிரைவருக்கு மெசேஜ் வந்துச்சாம். வாசிச்சுட்டாராம். கண்டாக்கையா சொல்லாம எப்புடித் தம்பி லொறிய எடுக்கிறதுன்னு கேக்கிறாரு!"

தலையில் அடித்துக்கொண்டேன். கண்டாக்கையா மலை வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர். அவர் வாய் திறக்காமல் தோட்டத்தில் லொறிச் சக்கரம் சுற்றாது. தோட்டத்து லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த எங்கள் ஐந்து பேருக்கும் தெரியாததா இது! டிரைவரிடம் போனைக் கொடுத்துச் சோதித்தது நான். "மெசேஜ் வந்துச்சா?" என்று கேட்டேன். "வருவீங்களா?" என்று கேட்கவில்லை.

"இது ஆர் விட்ட பிழை?" என்றார் டிரெக்டர் அம்மா.

"நான் விட்டதுங்க" என்றார் ஒத்தப் பட்டன். "டிரைவரு யாரு சொன்னா லொறிய எடுப்பாருன்னு நான் கேட்டிருக்கணும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்றாருங்கம்மா! சோதிச்சது நான். பிழை என்னோடது."

"சுகந்தி, நீ சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்கண்ணே!"

"அட, சண்டைய அப்புறமா வச்சுக்குங்க" என்றார் லெட்சுமி அக்கா. "கண்டாக்கையா போன்லயும் மணியடிச்சு, அவரும் ஒரு அமுக்கு அமுக்கினா லொறி வந்திருமில்ல?"

போச்சு! அப்படியென்றால் இன்னொரு பட்டன். நாங்கள் பயந்துபோய் ஒத்தப் பட்டனைப் பார்த்தோம். அவர் முகம் ஒரு கணம் செத்துப்போனது. அப்புறம் பாருங்கள், "இது அக்கா கேட்ட பட்டன்! நம்ம ஆசைக்கு வச்சது இல்ல!" என்று கத்தி, எம்பிக் குதித்து, வழுக்கி, தண்ணீர் ஓடும் கானுக்குள் போய் உட்கார்ந்தார். டிரெக்டர் அம்மா குடையைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "ஒரு வருஷம் தாறன். முதல்லை எழும்பும் தம்பி" என்றார்.

ஆனால் எங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தி "லொறி வரல" என்பது மட்டும்தான். "மூட்டையக் கட்டு" என்றுவிட்டார் அப்பா. ஒரு வருடம் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. சனிக்கிழமை முழுக்க அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்தப் பட்டன் எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றார். அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதான் இவளுக்கு மேல உள்ள தொரையா?"

"இல்லீங்கய்யா. நான் இவங்ககூட வேலை செய்றவன். இவங்க போயிட்டா என் மூஞ்சிக்கு நேரா உண்மை சொல்ல எனக்கு ஆளில்ல. அனுப்பாதீங்க."

அவ்வளவுதான் பேசினார். முதல் தடவையாக அவ்வளவு சுருக்கமாக! அப்பா உள்ளே திரும்பி, "தேத்தண்ணி ஊத்து" என்றார். திங்கட்கிழமை கொழும்பு பஸ் நானில்லாமல் போனது.

இன்று எனக்குக் கீழேயும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் அப்பா முன்னால் போய் நின்று, நான் இவளோடு வேலை செய்கிறவள் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அந்தக் கிறுக்கு மனுசன் எங்கே இருந்தாலும் நல்லா இருக்கட்டும்.