பெயர் எழுதாத பாட்டில்

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் இசக்கிசெல்வி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் தம்பியும் நலம் என்று தொடங்கத்தான் எங்கள் தமிழ் டீச்சர் சொல்லித் தந்திருக்கிறார். ஆனால் இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி மட்டுமே எழுதுவது என்று முடிவு செய்திருப்பதால் அந்த வரியைக் கடைசிக்கு ஒத்திவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பனிமலை ராணுவ முகாமிலிருந்து பேசும்போது அம்மா, “இங்க எல்லாம் சுகந்தான், நீங்க ஒடம்பப் பாத்துக்கிடுங்க” என்கிறாள் அல்லவா, அதில் பின்பாதி மட்டும்தான் உண்மை.

பிரசவ லீவு முடிந்து அம்மா பால் சங்கத்தில் மறுபடி எழுத்து வேலைக்குப் போய் இன்றோடு பதினெட்டு நாள். பகலில் தம்பியை அடுத்த தெரு எஸ்தர்ராணி அக்கா பார்த்துக்கொள்கிறார்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்று டாக்டரம்மா சொன்னதை அம்மா அப்படியே பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடையில் வாங்கிய கைப்பம்பால் மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை எடுத்து வைத்தால், மறுநாள் அக்கா அதைச் சங்கில் ஊற்றிப் புகட்டுவார்கள். பாட்டில் நிப்பிளைக் கண்டால் தம்பி வாயைப் பூட்டிக்கொள்கிறான்.

ஊர் முழுவதும் பால் ஊற்ற வரும் அந்தச் சங்கத்தில் அம்மா பால் எடுக்க மட்டும் இடம் இல்லை. ஆகவே தீவன அறை. புண்ணாக்கு மூட்டைக்கும் பருத்திக்கொட்டை மூட்டைக்கும் நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் அம்மா, எதிர்ச் சுவரில் ஒரு பல்லி. தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. அதனால் நான் கோவில்பட்டியிலிருந்து பள்ளிக்கூட பஸ்ஸில் இறங்கியதும் நேரே அங்கே போய், கதவுக்கு வெளியே ஒரு காலிக் கேனைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து காவல் காக்கிறேன். மத்தியானம் யாரும் வருவதில்லை. சாயங்காலம்தான் கூட்டம்.

இனி எழுதுவதில் என் குற்றமும் உண்டு. முதல் நாளே வெள்ளைத்தாய் அத்தை தவிடு கேட்டு வந்து, “ஏட்டி, ஒங்கம்மைய எங்க?” என்றாள். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. “உள்ள மூட்டை எண்ணுதாவ” என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். மாற்றிச் சொன்னால் சந்தேகம் வரும் என்று பத்து நாளும் ஒரே பதிலைச் சொன்னேன். கதவை அடைத்துக்கொண்டு தினமும் எண்ணினால் மூட்டை காணாமல் போகிறது என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் ஊருக்குள் பேச்சு கிளம்பியது. பேச்சு மேலே போய், வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிற சூப்பர்வைசர் தங்கப்பாண்டி சார் போன வெள்ளிக்கிழமை சாயங்காலமே பைக்கில் வந்து இறங்கிவிட்டார். மழை பெய்திருந்ததால் சக்கரத்தில் அப்பிய கரிசலைக் குச்சியால் குத்தி எடுக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது.

மூட்டைகள் சரியாக இருந்தன. வந்ததற்கு ஏதாவது பார்க்க வேண்டும் என்று பிரிட்ஜைத் திறந்தார். சங்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாது. கலப்படம் என்று சந்தேகப்பட்ட பாலைக் கீழ்த்தட்டில் வைப்பார்கள், பெயர் எழுத மாட்டார்கள். பெயர் தெரிந்தால் சூப்பர்வைசர் ஆள் பார்த்துச் சோதிப்பாராம். அம்மாவும் அங்கேதான் ஒரு டிபன் டப்பாவுக்குள் தன் பாட்டிலை வைப்பாள். வெட்கத்தில் அவளும் பெயர் எழுதவில்லை. செவ்வாய்க்கிழமைக்குத்தானே வருவார் என்று நம்பியிருந்தாள்.

டெஸ்டர் செல்வகணேஷ் அண்ணன் சார் எடுத்துக் கொடுத்த அந்தப் பாட்டில் பாலைக் கொழுப்புப் பார்க்கும் மெஷினில் ஊற்றினான். மூன்று முறை. மெஷின் மூன்று முறையும் குழம்ப, பாலைக் கீழே கொட்டினான்.

“என்னல இது? பசுவுமில்ல, எருமையுமில்ல” என்றார் சார்.

“ஆடா இருக்கும் சார்” என்றான் அண்ணன்.

பால் ஊற்ற நின்ற வரிசையில் ஆடும் வைத்திருப்பவர் தங்கச்சாமி மாமா ஒருவர்தான். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

“ஏ, எங்க ஆடு அது குட்டிக்கே முழுசாக் குடுக்காது. சங்கத்துக்கா ஊத்தப் போகுது?”

“நாளையிலருந்து ஒங்க பாலு வேண்டாம், அண்ணாச்சி” என்றார் சார்.

அம்மா பேனாவை மூடினாள். எழுந்து நின்றாள். “சார், அது எம் பாலு.”

“ஒங்க வீட்ல ஏதும்மா மாடு?”

“மாடு இல்ல சார்.”

யாரோ கைதவறவிட்ட கேன் மூடி உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. அப்புறம் வெள்ளைத்தாய் அத்தை, “அப்பவே நெனச்சேன், மாட்டுப் பாலுக்கு இம்புட்டு மருவாதியா டப்பாக்குள்ள வப்பாவ!” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சார் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தங்கச்சாமி மாமா மட்டும் சிரிக்காமல், “பிள்ளைக்குள்ள பாலக் கீழ ஊத்திட்டியளே” என்றார். பாட்டிலில் பாதிக்கு மேல் இருந்தது அப்பா. அது ஒரு முழுச் சாயங்காலம்.

மறுநாளிலிருந்து இளவட்டங்கள் அம்மா காதில் விழுகிற மாதிரி, “இன்னைக்குக் கொழுப்பு எம்புட்டுல?” என்று செல்வகணேஷ் அண்ணனைக் கேட்கிறார்கள். அம்மா தலை நிமிராமல் எழுதுகிறாள். தீவன அறைக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் பாட்டிலின் அடி நனைவதோடு சரி. நேற்று கதவுக்குப் பின்னாலிருந்து, “இந்த வாரத்தோட நிப்பாட்டிருவோம்ட்டி. பவுடர் வாங்கிக்கிடுவோம்” என்றாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் அது மூக்கடைத்த குரல். தனியாக எவ்வளவுதான் தாங்குவாள்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்களும், “பவுடரே போதும் பிரேமா” என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அவள் மனசு ஆறும்.

எஸ்தர்ராணி அக்கா உங்களுக்காகத் தினமும் ஜெபத்தில் சொல்கிறார்களாம். கம்பளிக் காலுறையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஒத்திவைத்த வரியை எழுத வேண்டிய இடம் இதுதான்: தம்பி நலம்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த மகள்,
இசக்கிசெல்வி

பின்குறிப்பு: மேலே கேட்டதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். இதைக் கேன்மேல் உட்கார்ந்துதான் எழுதினேன். கையெழுத்துப் போடும்போது உள்ளேயிருந்து அம்மா, “என்னட்டி, இம்புட்டு நேரமா எழுதுத?” என்றாள். “புவியியல்” என்றேன். (இதுவும் பொய்தான்.) “வாசி, கேப்போம்” என்றாள். வேறு வழியில்லாமல் மண் வகைகள் பாடத்தை மனப்பாடமாகச் சொன்னேன். கரிசல் வெயிலில் வெடிப்பதும், ஈரத்தை உள்ளே பிடித்துவைத்திருப்பதும் வந்தபோது பம்பு கிச் கிச் என்று சத்தம் கொடுக்கத் தொடங்கியது. நான் நிறுத்தினேன். “நிப்பாட்டாத, சொல்லு சொல்லு” என்றாள். செம்மண், வண்டல் எல்லாம் முடிந்து பாலைவன மண்ணுக்கு வந்துவிட்டேன். பால் பாட்டிலின் கழுத்துவரை வந்துவிட்டதாம். உண்மையை எழுதுகிறேன் என்று சொன்னதால் இதையும் எழுதுகிறேன். தம்பி பிறந்த பிறகு அம்மா எனக்கு மட்டும் இருப்பது இந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற அரை மணி நேரம்தான். பவுடர் வாங்கிவிட்டால் அதுவும் இருக்காது. நாளைக்கு என்ன பாடம் என்று கேட்கிறாள். செல்வகணேஷ் அண்ணன் நாங்கள் இருப்பது தெரியாமல் லைட்டை அணைத்துவிட்டான்.