கரடி வீட்டு மெயின் சுவிட்ச்

ஒரு காட்டில், பனிமூட்டம் மத்தியானம்வரை எழுந்திருக்காத மலைச்சரிவில், சாத்தப்பன் என்றொரு கரடி குடியிருந்தான். உடம்பெல்லாம் சாண் நீளத்துக்கு ரோமம். இருந்தாலும் வெந்நீர் இல்லையென்றால் குளியலறைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். அவன் மனைவி தேனம்மை அவனுக்கு ஒரு படி மேல். வெந்நீர் இல்லையென்றால் அந்த வீட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

திருகினால் அந்த நிமிஷமே சுடுதண்ணீர் கொட்டுகிற மின்சார ஷவர் ஒன்று அவர்கள் வீட்டில் இருந்தது. மார்கழி பிறந்த அன்று, தேனம்மை தலை நிறைய ஷாம்பு நுரையோடு நிற்கும்போது, கருகிய பாகு வாசனையை விட்டுவிட்டு அது உயிரையும் விட்டது. நுரையோடு வெளியே வந்தவள் நுரையோடே அம்மா வீட்டுக் குகைக்குக் கிளம்பிவிட்டாள்.

"புது ஷவர் மாட்டிட்டு ஆளனுப்புங்க. பச்சைத் தண்ணியில நடுங்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

அவள் போனபின் வீடு வீடாக இல்லை. தேனடை எடுத்து வந்தால் பாதி கொடுக்க ஆளில்லை. முழுசையும் தானே தின்றால் திட்டவும் ஆளில்லை. சாத்தப்பன் சந்தைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய ஷவராகப் பார்த்து வாங்கி வந்து, மரங்கொத்தி பிச்சைக்கனியைக் கூப்பிட்டான். சுவரில் துளை போட மெஷின் கொண்டுவராமல் மூக்கோடு மட்டும் வருகிறவன் என்பதால், அந்தக் காட்டில் வேறு எலக்ட்ரீஷியன் எவனும் பிழைக்க முடியவில்லை.

பிச்சைக்கனி பழைய ஷவரைத் தலைகீழாகத் தொங்கியபடி பார்த்தான். "எந்த மடையன் மாட்டினது இது?"

"நீதான் தம்பி."

"அப்ப ஒயர் நல்ல ஒயர்தான். ஆனா புதுசு பெரிய ஷவர் பாருங்க. இந்த ஒயர்ல குடுத்தா தண்ணி சூடாகாது, செவுருதான் சூடாகும். போர்டுலேருந்து தடி ஒயராத் தனியா இழுக்கணும். தனி பிரேக்கர் வைக்கணும், எர்த் குடுக்கணும். அதுக்கெல்லாம் முன்னாடி மெயினை அணைக்கணும். நான் இறங்கி வந்து சொல்றவரை ஒரு பய அதைப் போடக் கூடாது."

"இவ்வளவுதானே," என்றான் சாத்தப்பன்.

அந்தக் காட்டில் மெயின் சுவிட்ச் வீட்டுக்குள் இருக்காது. ரீடிங் எடுக்க வரும் நரி உள்ளே வந்தால் கோழி எங்கே என்று கேட்கும் என்பதால், வாசலில் உள்ள நாவல் மரத்தில், போகிற வருகிறவர்களின் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு பெட்டிக்குள் இருக்கும். சாத்தப்பன் போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தான். வீடு இருண்டது. பிச்சைக்கனி பழைய ஒயரின் தோலைச் சீவி மூக்கை வைத்தான். மறு நொடி எதிர்ச்சுவரில் மோதி, பக்கெட்டுக்குள் விழுந்தான்.

சாத்தப்பன் வெளியே ஓடினான். பெட்டியடியில் அணில் செவத்தி கையைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"வீடு இருட்டாக் கெடந்துச்சுண்ணே. அண்ணியும் ஊர்ல இல்ல. பாவம்னு நான்தான் போட்டுவிட்டேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்த சாத்தப்பன், பழக்கதோஷத்தில், "ரொம்ப நன்றிம்மா" என்று சொல்லிவிட்டான்.

மறுபடி அணைத்து, ஒரு பலகையில் 'தொடாதே, உயிருக்கு ஆபத்து' என்று எழுதி மாட்டினான். அதுவரை அந்தப் பெட்டியைத் திரும்பியும் பாராமல் போனவர்களெல்லாம் இப்போது நின்றார்கள். ஒரு குரங்கு பலகையை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கைப்பிடியை மேலே தள்ளியது.

"எதுக்குத் தொடக் கூடாதுன்னு தொட்டுப் பாத்தேன்," என்றது. "ஒண்ணும் ஆகலியே."

உள்ளே ஆகியிருந்தது. பிச்சைக்கனியின் கொண்டை குடைபோல விரிந்து, மடங்க மறுத்தது.

மூன்றாவதாகச் சாத்தப்பன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டான். அந்த வழியாக வந்த யானை பெரியநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. தும்பிக்கையால் ஒரு திருகு திருகிப் பூட்டைப் பிய்த்து, மெயினையும் போட்டுவிட்டு, வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"சாவியைத் தொலைச்சுட்டு இருட்டுல உக்காந்திருக்கியேடா சாத்தப்பா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பிச்சைக்கனி புகைந்துகொண்டே சாமான்களைப் பையில் போட்டான். "அண்ணே, கெட்டவங்க நடுவுல நான் எத்தனையோ வேலை பாத்திருக்கேன். நல்லவங்க நடுவுல முடியாது. நாளைக்கு ஒரே ஒரு தரம் வருவேன். மெயினுக்கு மறுபடி உசுரு வந்துச்சுன்னா ஷவரை நீங்களே மாட்டிக்குங்க."

அன்று சாயங்காலம் மைனா ஒன்று தேனம்மையிடமிருந்து சேதி கொண்டுவந்தது. 'இங்கே வசதிக்குக் குறைவில்லை. அவசரமே இல்லை, மெதுவாக மாட்டுங்கள்.' அந்த 'அவசரமே இல்லை'யை மட்டும் சாத்தப்பன் மைனாவை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டான். கோபத்தில் போனவள் திரும்பி வருவாள். அவசரமில்லாதவள் எதற்கு வரப்போகிறாள்?

மரத்தடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அந்தக் குரங்கு வீட்டுக்குப் போவதைப் பார்த்தான். போகிற வழியில் இருந்த வேலி, சைக்கிள் மணி, ஆமையின் முதுகு, காயப்போட்ட துணி என்று ஒன்றைக்கூட அது தொடாமல் விடவில்லை. ஓடைக்கரையில் மஞ்சள் பூசி நட்டிருந்த கல்லிடம் வந்ததும் மட்டும் சட்டென்று நின்றது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, நாலடி தள்ளிச் சுற்றிப் போயிற்று.

சாத்தப்பன் எழுந்தான்.

விடிந்தபோது மெயின் பெட்டிக்கு மஞ்சள் பூசியிருந்தது. கீழே தொங்கிய கைப்பிடிக்குக் குங்குமம் வைத்து, மேலே ஒரு சிவப்புத் துண்டைச் சுற்றி, இரண்டு எலுமிச்சம்பழங்களைச் சொருகியிருந்தான். செவத்தி வந்தாள். வீடு இருட்டாக இருப்பதைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

அன்று முழுக்க ஒருத்தரும் தொடவில்லை. பிச்சைக்கனி தடி ஒயர் இழுத்தான், பிரேக்கர் வைத்தான், எர்த் கொடுத்தான், ஒவ்வொரு திருகையும் மூன்று தரம் முடுக்கினான். அந்தக் காட்டிலேயே அவ்வளவு ஒழுங்காகச் செய்த மின் வேலை வேறு எதுவும் கிடையாது. ஷவர் வெள்ளிபோலப் பளபளத்தது. சாத்தப்பன் மைனாவைத் தேனம்மையிடம் அனுப்பிவிட்டு, மெயினைப் போட வெளியே வந்தான்.

வாசலில் கால்வைக்க இடமில்லை. மான்கள் வரிசையாக நின்றன. முயல் ஒருத்தி பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தாள். பந்தல்கால் நட்டாயிற்று.

"வழி விடுங்க, மெயினைப் போடணும்," என்றான்.

"எதைப் போடணும்?" என்றார் பெரியநாயகம். "அம்மா மேலயா கை வைக்கப் போறே?"

"ஐயா, இது மெயின் சுவிட்சு. நேத்து நீங்கதானே பூட்டை ஒடைச்சுப் போட்டீங்க."

"போட்டேன். அதுலேருந்துதான் தும்பிக்கை வலிக்குது. அம்மா அப்பவே காட்டிட்டா."

"நான்தான் ஐயா மஞ்சள் பூசினேன்."

"யாராவது ஒருத்தர் பூசித்தானே ஆகணும். குடுத்துவச்சவன்டா நீ."

கடைசியில் பூ கேட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூ வந்தால் மெயினைப் போடலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்துப் பெட்டியடியில் வைத்தார்கள். செவத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு. கூட்டம் குலவையிட்டது.

சாத்தப்பன் கடைசி நம்பிக்கையாகப் பிச்சைக்கனியைத் தேடினான். அவன் பந்தலுக்குள், மூக்கு நெடுக விபூதி பூசி, தட்டோடு நின்றான்.

"நீயாவது சொல்லு தம்பி. உன் ஷவர்தானே அது."

"அம்மா கைப்பிடியைத் தொங்கவிட்டுத் தூங்குறாண்ணே. எழுப்பச் சொல்லாதீங்க," என்றான் பிச்சைக்கனி. அவன் கண்ணில் பளபளத்தது பக்தியா, பழைய ஷாக்கா என்று சாத்தப்பனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் தேனம்மை வந்து இறங்கினாள். என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே சாத்தப்பன் எதிரே போனான். அவள் அவனைப் பார்க்கவேயில்லை. பந்தலைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற யானையைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏங்க, நம்ம வாசல்ல அம்மன் வந்து எறங்கியிருக்கா. ஷவரு ஷவருன்னு சேதி அனுப்புறீங்களே, இதைச் சொல்லத் தோணலியா?"

"ஷவர் மாட்டியாச்சு தேனு. ஆனா வெந்நீர் மட்டும்..."

"வெந்நீரா?" தேனம்மை காதைப் பொத்திக்கொண்டாள். "கோயில் வீட்டுக்காரங்க வெந்நீர்ல குளிப்பாங்களா? நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க?"

அன்றிலிருந்து தேனம்மை விடியும் முன்பே எழுந்து ஓடைத் தண்ணீரை இரண்டு குடம் தலையில் ஊற்றிக்கொள்கிறாள். மூன்றாவது குடம் சாத்தப்பனுக்கு. அவன் பல் கிட்டிக்க நடுங்கி நிற்கும்போது, பளபளக்கிற ஷவருக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போகிறாள். தேனடையில் பாதியைத் தினமும் அவளே தின்றுவிடுகிறாள். அதில் மட்டும் சாத்தப்பனுக்கு ஒரு குறையும் இல்லை.

நீதி: மின் வேலை தொடங்கும் முன் மெயினை அணைத்துவிட வேண்டும். வேலை முடிந்த பிறகும் போடாமலே இருந்தால், அதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.